கறையான் புற்றுக்கு மூன்று குண்டு

ஆஸ்திரேலியாவின் வடக்கில், கேத்தரின் என்ற ஊரின் ரொட்டிக்கடையில் அந்தச் செய்தி டல்சியின் காதுக்கு வந்து சேர்ந்தபோது எருமைக்கடா ஒன்பது குண்டு வாங்கியிருந்தது. பெட்ரோல் பங்கில் கேட்டவர்களுக்கு ஆறுதான். ஐஸ் வண்டிக்காரன் மருந்துக்கடைப் பெண்ணிடம் சொல்லி, அவள் தன் மாமியாரிடம் சொல்லி, மாமியார் ரொட்டிக்கடை வரிசையில் நின்றவளிடம் சொல்லி முடிப்பதற்குள் எருமை இன்னும் மூன்றை வாங்கிக்கொண்டு, டொயோட்டா வண்டியைக் கொம்பால் புரட்டிப் போட்டுவிட்டு, அவசரமில்லாமல் சதுப்புக்குள் நடந்து போயிருந்தது.

"ராய்ஸோட துப்பாக்கி அதுக்குக் கொசுக்கடியாம்," என்றாள் வரிசையில் நின்றவள். சொல்லிவிட்டுத் திரும்பியவள் பின்னால் டல்சி நிற்பதைப் பார்த்து, ரொட்டியை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

அந்தக் கொசுக்கடியைச் செய்து கொடுத்தவளே டல்சிதான். ராய்ஸ் அவளுடைய தம்பி. ஆர்ன்ஹெம் பக்கத்து வேட்டை முகாமில் விருந்தினர்களை எருமையிடம் கூட்டிக்கொண்டுபோகும் வழிகாட்டி. விருந்தினர் சுட்டுச் சொதப்பினால், காயப்பட்ட கடாவுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் நிற்க வேண்டியது அவனும் அவன் துப்பாக்கியும். அப்படி நின்ற இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது, ஊரே பேசுகிறது, கூடப் பிறந்தவளுக்கு ஒரு போன் இல்லை. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ரொட்டியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

டல்சி டன்ஸ்டனுக்கு வயது ஐம்பத்தொன்பது. அப்பா மாட்டுப் பண்ணைகளில் காற்றாலை பழுது பார்த்தவர். எண்பதுகளில் கால்நடை நோயை ஒழிக்கிறோம் என்று அரசாங்கம் ஹெலிகாப்டரில் ஆள் ஏற்றி எருமைகளைச் சுட்டுத் தள்ளிய காலத்தில், பத்தொன்பது வயதில் அந்தக் கூட்டத்துக்குச் சமைக்கப் போனாள். இரண்டு வாரம் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் கூடிப் பேசி அவளைத் துப்பாக்கி துடைக்க அனுப்பினார்கள். துடைத்தவள் கழற்றினாள், கழற்றியவள் சரிசெய்தாள், பழுது பார்க்க இருந்த ஆள் சண்டை போட்டுக்கொண்டு போனதும் அந்த மேசையே அவளுடையதாயிற்று. அப்போது எத்தனையோ துப்பாக்கிகள் காதோரம் வெடித்ததில் இடது காது பாதி மந்தம். பிறகு கல்யாணம். ஒரு மாதம் என்று குயின்ஸ்லாந்துக்குப் போன கணவன் இருபத்திரண்டு வருடமாக அந்த மாதத்தை முடிக்கவில்லை. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். நடுவில் கிடைக்கும் ஐந்து மணி நேரம் மாமரத்தடித் தகரக் கொட்டகையில் அடுத்தவர் துப்பாக்கிகள். இத்தனைக்கும் அவள் ஒரு எருமையைக்கூடச் சுட்டதில்லை. ஏன் என்று கேட்டால், அவை எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை, கொடுப்பதெல்லாம் மனிதர்கள்தான் என்பாள்.

அந்தத் தொந்தரவுகளில் முதலிடம் தம்பிக்கு. மூன்றாம் நாள் வந்தான். ஒரு தோளில் பழைய துப்பாக்கி, மறு தோளில் ஊரில் யாரிடமோ இரவல் வாங்கிய இன்னொன்று. இரவல் துப்பாக்கியின் குழல் கட்டைவிரல் நுழையும்போல இருந்தது. நானூற்று ஐம்பத்தெட்டு ரகம்.

டல்சி தேநீர் போட்டுக் கொடுத்து, ஒன்பதா ஆறா என்று கேட்டாள். உடம்பில் பட்டது மூன்று என்றான். விருந்தினர் முதலில் சுட்டது கடாவின் வயிற்றில் பட்டது. அது திரும்பி வந்தது. ஐம்பது அடி தூரத்தில் இவன் சுட்டது முதுகுத் தோலைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. தன் மூன்றாவது குண்டை, குழலை அதன் நெற்றிக்கு நேரே நீட்டிச் சுட்டான். விழுந்தபோது கொம்பு அவன் பூட்ஸின் மேல் கிடந்தது. டொயோட்டா அந்தப் பக்கமே இல்லை. இதையெல்லாம் அவன் வானொலியில் மழையளவு சொல்வதுபோல் சொன்னான். கோப்பையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

ஆகவே அவன் கண்ட முடிவு இது: தன் பழைய முந்நூற்று எழுபத்தைந்து ரகம் போதாது. ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பெரியதை டல்சி அவனுக்கு ஏற்றாற்போல் அமைத்துத் தரவேண்டும். குறி பார்க்கும் ஸ்கோப்பையும் பெரியதாக மாட்டித் தரவேண்டும். பத்து நாளில் நியூசிலாந்திலிருந்து இரண்டு பல் டாக்டர்கள் வருகிறார்கள்.

"எல்லாரும்னா யாரு? ஐஸ் வண்டிக்காரனா?"

"அவன் மட்டும் இல்ல."

"மருந்துக்கடைப் பொண்ணா? அவ எத்தனை கடா சுட்டிருக்கா?"

ராய்ஸ் மாமரத்தைப் பார்த்தான். பதில் இல்லாதபோது மரத்தைப் பார்ப்பது அவனுக்கு நாலு வயதிலிருந்து வழக்கம்.

டல்சி பழைய துப்பாக்கியை எடுத்தாள். ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. தொட்டால் அது என்ன நிலையில் இருந்தது என்பது தெரியாமல் போய்விடும். அப்படியே ஊருக்கு வெளியே துப்பாக்கிக் கழகத்தின் மைதானத்துக்கு எடுத்துப்போய், மணல் மூட்டைமேல் கிடத்தி, ஐம்பது அடியில் அட்டைப்பெட்டி வைத்து மூன்று முறை சுட்டாள். ஒன்று நாலு விரல் மேலே. ஒன்று வலப்பக்கம் உள்ளங்கை தூரம். மூன்றாவது பெட்டியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போயிருந்தது. மூன்றும் மூன்று ஊரில். அதன் பிறகுதான் திருகைத் தொட்டாள். தோளில் அணைக்கும் மரக்கட்டையோடு இரும்பைப் பிடித்து வைக்கும் முன்திருகு விரலாலேயே அரைச் சுற்று சுற்றியது. ஸ்கோப்பைப் பிடித்த வளையம் ஒன்றும் ஆடியது.

காரணம் அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததால் ஆத்திரம் இரட்டிப்பாயிற்று, ஏனென்றால் அதில் பாதி அவளுடையது. ராய்ஸின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அக்ரூட் மரத்தில் கட்டை செதுக்கிக் கொடுத்தவள் அவள். எட்டு மாதம் செதுக்கினாள். மரத்தின் ரேகை தேன் ஓடுவதுபோல் இருக்கும். இந்த வருடம் அதைப் பிரித்துத் துடைத்துப் பூட்டியது பிப்ரவரியில், கொட்டுகிற மழையில். சுவரே வியர்க்கும் அந்த மாதத்தில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும். உப்பிய மரத்தின்மேல் இறுக்கிய திருகு, ஜூன் மாத வறண்ட காற்றில் மரம் சுருங்கியதும் தானாகத் தளரும். மிச்சத்தைத் தகரக்கூரைபோல் வரிவரியாகப் புடைத்த செம்மண் சாலை ஆட்டி முடித்துவிடும். ஏப்ரலில் கொண்டு வா, இப்போது வேண்டாம் என்று அவள் சொன்னாள். இப்பவே வேணும் என்றான். செய்து கொடுத்தாள். அவன் கேட்டு அவள் மறுத்த விஷயம் ஒன்றாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை.

இதைச் சொன்னபோது அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். "அப்போ உன் கட்டைதான் என்னைக் கொல்லப் பாத்துது."

"ஆமா. நீ ஜூன்ல ஒரு தடவை சுட்டுப் பாத்திருந்தா கொல்லப் பாத்திருக்காது."

"அப்புறம் எதுக்கு அதையே கட்டிக்கிட்டு அழணும்? பெரிசை அமைச்சுக் குடு."

வாதம் பண்ணிப் பயனில்லை. மறுநாளும் மைதானம். இந்த முறை ராய்ஸையும் பெரிய துப்பாக்கியையும் கூட்டிப் போனாள். அவன் நின்றபடி, மூன்று கால் மூங்கில் தாங்கியில் குழலைச் சாய்த்துச் சுட வேண்டும். தோட்டா போட்டுக் கொடுப்பது அவள். முதல் குண்டு நன்றாகப் போனது. உதையில் அவன் ஓரடி பின்னால் போனான், சிரித்தான். இரண்டாவது கொஞ்சம் கீழே. மூன்றாவது பெட்டிக்கு முன்னால் மண்ணைக் கிளப்பியது. காற்று என்றான். மரத்தில் ஒரு இலை ஆடவில்லை.

நான்காவதாக அவனுக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தாள். ராய்ஸ் குறி பார்த்தான், விசையை இழுத்தான். க்ளிக் என்றது. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் குழல் அவன் கையில் ஒரு சாண் தரையை நோக்கிக் குனிந்தது. தோள் சுருங்கியது. இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

ராய்ஸ் துப்பாக்கியை மெல்ல இறக்கினான்.

"எவ்வளவு நேரமா கண்ணை மூடுறேன்?" என்று கேட்டான்.

"ரெண்டாவது குண்டுலேருந்து."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா காத்துன்னுவே."

வரும் கடாவுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்கிறவன் கையில் எவ்வளவு பெரிய குண்டு இருந்தும் என்ன. ராய்ஸுக்கே அது புரிந்தது. இரவல் துப்பாக்கியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, சுட்டுப் பார்த்ததில் பிடிக்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டான்.

அடுத்த ஐந்து நாள், பேருந்து ஓட்டிய நேரம் போக, டல்சி பழைய துப்பாக்கியோடு கிடந்தாள். தேன் ஓடிய கட்டையைக் கழற்றி மேல் அலமாரியில் வைத்தாள். அந்த இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை. பார்க்கக் குப்பைத்தொட்டி மூடிபோல் இருந்தது, ஆனால் மழையென்றும் வெயிலென்றும் அதற்குத் தெரியாது. ராய்ஸின் குட்டைக் கைக்கு ஏற்றபடி அதன் பின்பக்கத்தை விரல் அகலம் வெட்டினாள். மரக்கட்டையில் அழகு போய்விடும் என்று இதைச் செய்யாமல் விட்டிருந்தாள். தடித்த ரப்பர் வைத்து மூடினாள். அவன் கேட்ட பெரிய ஸ்கோப்புக்குப் பதிலாகச் சின்னதை, குழலை ஒட்டித் தாழ்வாக, உதைக்கும்போது புருவத்தைக் கிழிக்காத தூரத்தில் மாட்டினாள். எருமை இருபது அடியில் நிற்கும்போது பெரிய ஸ்கோப்பில் தெரிவது கறுப்பு மயிர் மட்டும்தான். கண்ணாடி உடைந்தால் ஒரு நிமிடத்துக்குள் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்புக் குறியில் சுடும்படி அதையும் வெள்ளை அடித்து நேர்செய்தாள். திருகு ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு பக்கத்து இரும்பிலும் ஓடும்படி செய்தாள். கோடு உடைந்தால் திருகு அசைந்திருக்கிறது என்று பொருள். மைதானத்தில் ராய்ஸ் சுட்ட ஐந்து குண்டும் ஒரு சாசர் மூடும் இடத்தில் விழுந்தன. அவன் கண் திறந்தே இருந்தது. அவள் குண்டைப் பார்க்கவில்லை, கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகாம் போய்ச் சேர்ந்ததும் மறுபடி மூன்று குண்டு சுட்டுப் பார் என்றாள். சாலை என்ன செய்திருக்கும் என்று தெரியாது. சரி சரி என்றான். இரண்டு சரி சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

அது ஏன் இல்லை என்பது, முகாமின் சமையல்காரி நெரிடா கத்திகளைச் சாணை பிடிக்கக் கொண்டுவந்த அன்றுதான் டல்சிக்கு விளங்கியது. நெரிடா அளந்து பேசுகிறவள். முகாம் இருப்பது பழங்குடியினரான அவள் அம்மா வழியினரின் நிலத்தில். அவர்கள் சம்மதம் இல்லாமல் அங்கே யாரும் ஒரு வாத்தைக்கூடச் சுட முடியாது. அதனால் முகாமில் எல்லோரும் எல்லோரையும் திட்டுவார்கள், அவளை மட்டும் யாரும் திட்டுவதில்லை.

வேட்டையின் முதல் நாள் காலை ஏழு மணிக்கு முகாமில் என்ன நடக்கும் என்று அவள் சொன்னாள். பெரிய கறையான் புற்றில் பீர் அட்டைப்பெட்டியைச் சாத்துவார்கள். விருந்தினர் ஒவ்வொருவரும் மூன்று குண்டு சுட்டுத் தங்கள் துப்பாக்கி வழியில் கெட்டுப்போகவில்லை என்று காட்ட வேண்டும். காட்டாதவரைக் கூட்டிப்போக மாட்டார்கள். ராய்ஸ் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று குறை சொல்வான்.

"அவன் சுடமாட்டானா?"

"வழிகாட்டிங்க யாரும் புத்துல சுடமாட்டாங்க அக்கா. எந்த முகாம்லயும் கிடையாது. தப்பிட்டா விருந்தாளி சிரிப்பான்ல. மானப் பிரச்சனை."

டல்சி சாணைக்கல்லை நிறுத்தினாள். நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். விருந்தினரின் துப்பாக்கி, யாரோ ஊர்பேர் தெரியாதவனின் துப்பாக்கி, ஒன்று விடாமல் சோதிக்கப்படுகிறது. எல்லோர் உயிருக்கும் பொறுப்பான அந்த ஒரு துப்பாக்கி மட்டும் அதே சாலையில் அதே ஆட்டம் ஆடி வந்து, சோதனை இல்லாமல் தோளில் தொங்குகிறது. காரணம், அது தப்பாது என்று எல்லோரும் நம்ப வேண்டும். கடாவிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா?

"இது எத்தனை வருஷமா நடக்குது?"

"எங்கம்மா சமைச்ச காலத்துலேருந்து. அவங்களும் சிரிப்பாங்க."

டல்சி கொட்டகைக்குள் போனாள். ராய்ஸின் துப்பாக்கியிலிருந்து போல்ட்டை, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்த இரும்புத் தண்டை, உருவினாள். அது இல்லாமல் துப்பாக்கி வெறும் குழாய். எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நெரிடாவின் கத்திகளுக்கு நடுவே வைத்தாள். மூன்று தோட்டாவும் கூட வைத்தாள். முதல் நாள் காலை, புற்றுக்குப் பக்கத்தில், விருந்தாளிகள் நிற்கும்போது மட்டும் அவன் கையில் கொடு என்றாள்.

நெரிடா மூட்டையைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு சந்தோஷம் பரவியது. "கத்துவானே."

"கத்தட்டும்."

"எனக்கென்ன, என்கிட்ட கத்தமாட்டான். ஆனா ஒண்ணு அக்கா. நீங்க வாயைத் திறந்து, சரி குடுத்துடுன்னு சொன்னா நான் குடுத்துடுவேன். உங்க தம்பி, உங்க சாமான். நீங்க சொல்லாதவரைக்கும் மாவு டப்பாவுல இருக்கும்."

புதன்கிழமை விடியலில் நெரிடா சாமான் வண்டியோடு கிளம்பினாள். இரண்டு மணி நேரம் கழித்து ராய்ஸ் துப்பாக்கியை எடுத்துப்போக வந்தான். கறுப்புக் கட்டையை முகம் சுளித்துப் பார்த்தான், தோளில் வைத்தான், நன்றாகப் பொருந்துவது பிடிக்காதவன்போல இறக்கினான். அப்போதுதான் ஓட்டையைக் கவனித்தான்.

போல்ட் எங்கே என்று கேட்டான். டல்சி சொன்னாள். முழுவதையும், புற்று, பெட்டி, விருந்தாளி, மாவு டப்பா எல்லாவற்றையும், குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தான்.

"போன தடவை நடந்தது ஊரெல்லாம் தெரியும். அந்தப் பல் டாக்டருங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க. இப்ப நான் அவங்க முன்னாடி நின்னு பெட்டியைத் தப்பினேன்னா, டல்சி, என்னை நம்பி ஒருத்தன் பின்னாடி வரமாட்டான். இந்த வேலை போச்சு. வேற வேலை எனக்குத் தெரியாது."

"பெட்டியைத் தப்பினா திருகை முடுக்கிட்டு மறுபடி சுடலாம். கடாவைத் தப்பினா?"

"தப்பமாட்டேன். நீதான அமைச்சே."

"போன தடவையும் நான்தான அமைச்சேன்."

அவன் மாமரத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு குழாயாகிப்போன துப்பாக்கியைப் பெட்டியில் போட்டு மூடி, இனி உன் கொட்டகை வாசலை மிதிக்க மாட்டேன் என்று, அதுவும் கத்தாமல், சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். கத்தியிருந்தால் அவளுக்குப் பழக்கம். இது புதிது.

வியாழக்கிழமை பள்ளி விடுமுறை, பேருந்து இல்லை. டல்சி ஐந்து மணிக்கே எழுந்து, தேவையில்லாத ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேல் அலமாரியிலிருந்த மரக்கட்டையை ஒரு முறை எடுத்துத் தூசி தட்டினாள். தூசி இருக்கவில்லை.

ஆறு நாற்பதுக்குப் போன் அடித்தது. திரையில் 'முகாம்' என்று வந்தது.

அவள் கை தானாக நீண்டது. பாதி வழியில் நிறுத்தினாள். ஆறு நாற்பதென்றால் இன்னும் யாரும் புற்றுக்குப் போயிருக்க மாட்டார்கள். அவன் நெரிடாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போனை நீட்டிப் பிடித்திருப்பான். ஒரு சரிதான் வேண்டும். டல்சி, ஒரே ஒரு சரி என்பான், பிப்ரவரியில் கேட்டதுபோலவே கேட்பான். எடுத்தால் சொல்லிவிடுவாள். அவளுக்குத் தன்னைத் தெரியும். எண்ணெய்க் கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். போன் ஓய்ந்தது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி அடித்து, மறுபடி ஓய்ந்தது.

ஏழு மணி. ஏழு ஐந்து. இந்நேரம் பல் டாக்டர்கள் சுட்டுக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கு மூன்று, ஆறு குண்டு. பிறகு நெரிடா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மூட்டையோடு வருவாள். சிவப்புக் கோடுகள் உடையாமல் இருக்குமா? நானூறு கிலோமீட்டர் அந்தச் சாலை. அவன் கண் திறந்திருக்குமா? இல்லை, போல்ட்டே வேண்டாம் போ என்று, வேறு யாருடைய துப்பாக்கியையோ தூக்கிக்கொண்டு சதுப்புக்குள் இறங்கிவிட்டானா? அந்தப் பிடிவாதத்துக்கு அவன் ஆள்தான். இது ஏன் நேற்றே தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நேற்று தோன்றியிருந்தால் அந்த வழியையும் அடைத்திருக்கலாம்.

ஏழு இருபதுக்குப் போன் மூன்றாம் முறையாக அடித்தது. முகாம்.

மூன்று குண்டும் சாசருக்குள் விழுந்துவிட்டது, போதுமா என்று கடுகடுப்பதற்காக இருக்கலாம். தப்பிவிட்டது, எந்தத் திருகு என்று கேட்பதற்காக இருக்கலாம். இன்னும் அதே ஒரு சரிக்காகவும் இருக்கலாம். திரை எதையும் சொல்லவில்லை. டல்சி கையைத் துணியில் துடைத்தாள், எண்ணெய் போகவில்லை, இன்னொரு துணியை எடுத்துத் துடைத்தாள். மேசைமேல் திருகுகளுக்கு நடுவே போன் நடுங்கி நகர்ந்துகொண்டே அடித்தது. நாலு, ஐந்து, ஆறு என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.